இடையில் நிற்பவர்: முதியோர் மருத்துவக் காப்புறுதியும் மொழியும்

சைனாடவுனில் தமிழில் ஒரு சொற்பொழிவா என்று அழைப்பிதழைக் கண்ட நண்பர் ஒருவர் வியந்தார். வியப்பதற்கு ஒன்றுமில்லை. இங்கிருந்து நடந்துபோகும் தொலைவில், சவுத் பிரிட்ஜ் சாலையில், 1827 இல் நாராயண பிள்ளை நிறுவிய மாரியம்மன் கோயில் இருக்கிறது. அதற்கு அருகிலேயே சூலியா முஸ்லிம்கள் எழுப்பிய ஜாமியா பள்ளிவாசல். பகோடா ஸ்திரீட் என்னும் பெயரே அம்மன் கோயில் கோபுரத்தைக் கண்டு இடப்பட்டது என்பர். ஆகவே நான் அயல் வீட்டுக்கு வந்து பேசவில்லை. என் தமக்கையார் முப்பது ஆண்டுகளாக இவ்வட்டாரத்தின் அடுக்குமாடி வீடொன்றில்தான் வாழ்ந்து வருகிறார். இன்றைய பேச்சின் பாதி அவரைப் பற்றியது. அவருடைய ஒப்புதல் பெற்றே பேசுகிறேன். "என் பேரை மட்டும் சொல்லிடாதே" என்றார். சொல்லவில்லை.

இத்தெருக்களின் அஞ்சடிகளில் ஒரு காலத்தில் கடிதம் எழுதுவோர் அமர்ந்திருந்தனர். சிறு மேசை, ஒரு முக்காலி, மைக்கூடு, தூரிகை. சீனத்திலுள்ள தாய்க்கோ மனைவிக்கோ செய்தி அனுப்ப விரும்பும் கூலித் தொழிலாளி எதிரே அமர்ந்து வாய்மொழியாகச் சொல்வார். எழுதுபவர் அதைக் கடிதமாக்குவார். நம் மக்களிடையேயும் இத்தகைய கடிதக்காரர்கள் இருந்தனர். இவர்களைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் பழைய நாள்களின் அழகையே பேசுவார்கள். என் கவனத்தை ஈர்த்தது வேறொன்று. கடிதக்காரருக்குக் கூலி கொடுத்தவர் யார்? எதிரே அமர்ந்திருந்த எழுத்தறியாத மனிதர். அந்தச் சில காசுகளால் எழுதுகோல் அவர் பக்கம் நின்றது. கடிதத்தைப் பெறப்போகிறவரோ, கப்பல் நிறுவனமோ, வங்கியோ கடிதக்காரருக்குக் கூலி கொடுக்கவில்லை.

இடையில் நிற்பவருக்குக் கூலி கொடுப்பவர் யார், அவர் பேசுவது யாருடைய மொழி: இவ்விரு கேள்விகளையும் முதியோருக்கான மருத்துவக் காப்புறுதியின்மேல் வைத்துப் பார்ப்பதே இன்று என் வேலை.

முதலில் என் பிழையைச் சொல்லிவிடுகிறேன்.

நான் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளனாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன். சாட்சி கூறும் ஒரு சொல்லைக் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது என்னும் பயிற்சியில் வளர்ந்தவன். 2016 ஆம் ஆண்டு என் தமக்கையார் தனியார் நிறுவனமொன்றின் மருத்துவக் காப்புறுதியை எடுக்க விரும்பினார். அப்போது அவருக்கு வயது 61. முகவர் ஒரு சீன இளைஞர், நல்ல பண்புள்ளவர். அக்காவுக்கு ஆங்கிலம் கடைத்தெரு அளவுக்குத்தான் வரும். நான் பக்கத்தில் அமர்ந்தேன். விண்ணப்பப் படிவத்தில் ஒரு நீண்ட பகுதி: இன்ன இன்ன நோய்களுக்கு எப்போதாவது சிகிச்சை பெற்றதுண்டா, மருந்து உட்கொள்ளுமாறு அறிவுறுத்தப்பட்டதுண்டா, பரிசோதனை செய்யப்பட்டதுண்டா என்று அடுக்கடுக்கான வினாக்கள். இளைஞருக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. "பெரிய நோய் ஏதேனும் உண்டா?" என்று சுருக்கிக் கேட்டார். நானும் அதையே தமிழாக்கினேன். "அக்கா, உங்களுக்குப் பெரிய வியாதி ஏதாச்சும் இருக்கா?"

அக்கா சிரித்தார். "எனக்கென்ன வியாதி? நல்லாத்தானே இருக்கேன்."

பன்னிரண்டு ஆண்டுகளாகப் பலதுறை மருந்தகத்தில் இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை வாங்கி வந்தவர் அவர். அது அவருக்கு வியாதியாகவே தோன்றவில்லை. காலையில் கோப்பி குடிப்பதுபோல் ஒரு வழக்கம். இரத்த அழுத்தத்தை நம்மவர் 'பிரஷர்' என்பார்கள். புற்றுநோயையும் மாரடைப்பையும் 'வியாதி' என்பார்கள். இரண்டும் ஒரே தட்டில் வைக்கப்படுவதில்லை. படிவம் கேட்டது ஒன்று. நான் கேட்டது வேறொன்று. இருபத்தெட்டு ஆண்டுகள் நீதிமன்றத்தில் செய்யாத பிழையை உடன்பிறந்தவரின் வீட்டு மேசையில் செய்தேன்.

2019 இல் அக்காவுக்குப் பக்கவாதம் வந்தது. காப்புறுதி இருக்கிறது என்னும் துணிவில் பிள்ளைகள் ஏ வகுப்பு அறையில் சேர்த்தனர். நிறுவனம் மருத்துவக் குறிப்புகளைக் கேட்டுப் பெற்றது. முன்பே இருந்த நோய் தெரிவிக்கப்படவில்லை என்று கூறித் தன் பங்கைத் தர மறுத்தது. கட்டிய சந்தாவைத் திருப்பிக் கொடுத்தது. அடிப்படைத் திட்டமான மெடிஷீல்டு லைஃப் தன் பங்கைக் கொடுத்தது. ஆனால் அது உதவித்தொகை பெறும் பி2, சி வகுப்புகளின் கட்டணத்தை அளவாகக் கொண்டு வகுக்கப்பட்டது. ஏ வகுப்புக் கட்டணத்தில் ஒரு சிறு பங்கே கணக்கில் சேரும். மீதி ஏறத்தாழ 18,000 வெள்ளி. அக்காவின் மெடிசேவிலிருந்து கொஞ்சம், பிள்ளைகளின் சேமிப்பிலிருந்து கொஞ்சம். நாங்கள் முறையீடு செய்யவில்லை. கையெழுத்து அக்காவுடையது, மொழிபெயர்ப்பு என்னுடையது. அந்த இளைஞரைக் குறைகூறவும் எனக்கு மனமில்லை.

அன்றிலிருந்துதான் நான் இத்துறையைப் படிக்கத் தொடங்கினேன். என் அறிவு ஒரு குற்றவாளியின் அறிவு, அதற்கேற்ப எடுத்துக்கொள்ளுங்கள்.

நம் நாட்டு மருத்துவக் காப்புறுதி அடுக்குப் பாத்திரம் போன்றது. அடியிலுள்ள தட்டு மெடிசேவ். 1984 இல் தொடங்கியது. மத்திய சேம நிதியில் நாம் நமக்காகவே சேர்க்கும் பணம். அதன்மேல் 1990 இல் வந்தது மெடிஷீல்டு. அதற்கு வயது வரம்பு இருந்தது. முன்பே நோயுற்றவர்களைத் தள்ளிவைக்கவும் செய்தது. 2015 நவம்பர் 1 ஆம் நாள் அது மெடிஷீல்டு லைஃப் ஆயிற்று. குடிமக்களும் நிரந்தரவாசிகளும் அனைவரும், எந்த நோய் இருந்தாலும், ஆயுள் முழுமைக்கும் அதில் அடக்கம். கடுமையான நோய் முன்பே இருந்தவர்கள் பத்து ஆண்டுகளுக்கு 30 விழுக்காடு கூடுதல் சந்தா கட்ட வேண்டும், தள்ளிவைக்கப்படுவதில்லை. முன்னோடித் தலைமுறையினருக்குச் சந்தாவில் 40 முதல் 60 விழுக்காடு வரை அரசாங்கக் கழிவு உண்டு. 1950 முதல் 1959 வரை பிறந்த மெர்டேக்கா தலைமுறையினருக்கு 5 விழுக்காடு, 75 வயதுக்குப் பின் 10 விழுக்காடு. இந்த அடிப்படைத் தட்டை எந்த முகவரும் விற்பதில்லை. அதனால் அதைப் பற்றி நம் வீட்டுக்கு வந்து பேசுவோரும் குறைவு.

அதற்கும் மேலே தனியார் நிறுவனங்கள் வழங்கும் ஒருங்கிணைந்த ஷீல்டு திட்டங்கள். நாட்டில் பத்துப் பேரில் ஏழு பேரிடம் இவை உண்டு. பி1, ஏ வகுப்புகள், தனியார் மருத்துவமனைகள் என்று படிப்படியாக உயரும். அவற்றின் உச்சியில் ரைடர். அது என்ன என்று சற்றுப் பின்னர்ச் சொல்கிறேன். இவையனைத்துக்கும் பக்கத்தில், உடல் தளர்ந்து பிறர் உதவியின்றி வாழ இயலாதோருக்கான நீண்டகாலப் பராமரிப்புக் காப்புறுதி: 2002 இல் எல்டர்ஷீல்டு, 2020 அக்டோபரில் கேர்ஷீல்டு லைஃப். குளித்தல், உடுத்தல், உண்ணல், கழிப்பறை செல்லுதல், நடமாடுதல், படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுதல் ஆகிய ஆறனுள் மூன்றைத் தாமே செய்ய இயலாதவருக்கு மாதந்தோறும் பணம் வரும்.

முதியவர்களுக்கு இடர் தோன்றுவது மேல்தட்டுகளில். சந்தா வயதோடு ஏறுகிறது. அறுபதில் தாங்கக்கூடியது எண்பதில் ஆண்டுக்குப் பல ஆயிரம் வெள்ளியாகும். தனியார் பகுதியின் சந்தாவுக்கு மெடிசேவிலிருந்து எடுக்கக்கூடிய தொகைக்கும் வரம்பு உண்டு: 41 முதல் 70 வயது வரை ஆண்டுக்கு 600 வெள்ளி; அதற்கு மேல் 900 வெள்ளி. மீதியைக் கைப்பணமாகக் கட்ட வேண்டும். ரைடருக்கோ முழுவதும் கைப்பணமே. வருமானம் நின்றுபோன வயதில் கைப்பணம் என்பது என்ன என்று இந்த அவையில் பலருக்குத் தெரியும்.

இந்த நேரத்தில்தான் வேறொரு நிறுவனத்தின் முகவர் கதவைத் தட்டுகிறார். "ஐயா, எங்கள் திட்டம் மலிவு. மாறிக்கொள்ளலாம்." மாறினால் என்ன ஆகும்? உடல்நிலை மறுபடி ஆராயப்படும். பழைய திட்டத்தில் சேர்ந்தபோது இல்லாத நீரிழிவும் இதயக் குழாய் அடைப்பும் இப்போது 'முன்பே உள்ள நோய்' ஆகிவிடும். புதிய நிறுவனம் அவற்றை விலக்கலாம், விண்ணப்பத்தையே மறுக்கலாம். பழையதைக் கைவிட்டவர் திரும்பிச் செல்ல நினைத்தால் அங்கும் அதே ஆய்வு காத்திருக்கும். இருபது ஆண்டுகள் கட்டிய சந்தாவின் பயன் ஒரு கையெழுத்தில் கரையும். அடித்தட்டு மெடிஷீல்டு லைஃப் மட்டுமே எஞ்சும். அதுவாவது எஞ்சுகிறதே என்பது நாம் இந்நாட்டில் வாழ்வதன் நற்பேறு.

அப்படியானால் முதியவர் ஒருவருக்குப் பல வேளைகளில் தகுந்த அறிவுரை எது? "மாறாதீர்கள், இருப்பதைக் காத்துக்கொள்ளுங்கள்" என்பது. அல்லது, "அதே நிறுவனத்திலேயே ஒரு படி இறங்குங்கள்" என்பது. இறங்குவதற்குப் பொதுவாக உடல்நிலை ஆய்வு கேட்கப்படுவதில்லை. இப்போது கடிதக்காரரை மறுபடி நினைத்துக்கொள்ளுங்கள். விற்பனையின்மேல் தரகு பெறும் ஒருவருக்கு இவ்வறிவுரையால் வரும் வருமானம் எவ்வளவு? ஒன்றுமில்லை. அவர் நல்லவராகவே இருக்கலாம், பலர் நல்லவர்களே. ஆனால் "ஒன்றும் செய்ய வேண்டாம்" என்று சொல்வதற்கு அவருக்குக் கூலி இல்லை. தம் வீட்டரிசியைப் பணயம் வைத்து உண்மை பேசுமாறு ஒரு மனிதரை நாம் நாள்தோறும் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

இடையில் நிற்போரிலும் வகை உண்டு. ஒரே நிறுவனத்துக்குக் கட்டுப்பட்ட முகவர் ஒருவகை. அவர் நிறுவனத்தின் ஆள். பல நிறுவனங்களின் திட்டங்களை ஒப்பிட்டுக் காட்டும் நிதி ஆலோசனை நிறுவனத்தின் ஆலோசகர் இன்னொரு வகை. காப்புறுதித் தரகர் என்பவர் வாங்குபவரின் சார்பில் நிறுவனங்களை அணுகுபவர். ஒப்பிட்டுக் காட்டுவோர் ஒரே நிறுவனத்தின் முகவரைவிடப் பரந்த பார்வை உடையவர்கள் என்பதில் ஐயமில்லை. எனினும் ஒப்பிட்டுக் காட்டுவோரும் பெரும்பாலும் தரகுத்தொகையை நிறுவனத்திடமிருந்தே பெறுகின்றனர் என்பதை மறக்கலாகாது. ஆகவேதான் நம் நாட்டு நிதி ஆலோசகர் விதிமுறைகள் 'சுயேச்சையான' என்னும் அடைமொழியை எளிதாகச் சூட்டிக்கொள்ள விடுவதில்லை. முடிவைச் சாய்க்கக்கூடிய தரகோ பிற நன்மையோ பெறாதவர், எந்த நிறுவனத்தோடும் கட்டுண்டிராதவர் மட்டுமே அச்சொல்லைப் பயன்படுத்தலாம். ஒரு சொல்லுக்குச் சட்டம் காவல் நிற்கும் அரிய இடங்களுள் இது ஒன்று. மொழியை நேசிப்போர் மகிழலாம்.

கூலியைப் பற்றிச் சொன்னேன். இனி மொழி.

துபாஷி என்னும் சொல்லை நீங்கள் அறிவீர்கள். இருமொழியாளர் என்பது அதன் பொருள். புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேவுக்குத் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் கால் நூற்றாண்டு எழுதிய நாட்குறிப்பு, இடையில் நிற்பவர் எவ்வளவு பார்க்க முடியும் என்பதற்குச் சான்று. துபாஷிக்கு இரு மொழி தெரியும். ஆனால் அவர் பெரும்பாலும் வல்லவர் பக்கமே நின்றார். நம் வீடுகளில் இன்று துபாஷியாக இருப்போர் யார்? பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், என்னைப்போன்ற தம்பிகள். ஆங்கிலம் தெரியும், காப்புறுதி தெரியாது. தமிழும், வருத்தத்தோடு சொல்கிறேன், வீட்டுத் தமிழ் அளவுக்குத்தான்.

நம்முடைய மொழிபெயர்ப்பு ஏடுகளும் இதற்கு முழுமையாக உதவுவதில்லை. மருத்துவமனைக் கட்டணத்தில் முதற்கண் நாமே கட்ட வேண்டிய ஒரு தொகை உண்டு. அதற்கு மேற்பட்டதற்கே காப்புறுதி. இத்தொகையைக் 'கழிக்கத்தக்க தொகை' என்று எழுதுகிறோம். இதை அக்காவிடம் படித்துக் காட்டினேன். "கழிச்சுக் கொடுப்பாங்களா? அப்ப நல்லதுதானே?" என்றார். பொருள் தலைகீழாகிவிட்டது. கழிவு என்றால் கடைக்காரர் நமக்குக் குறைத்துத் தருவது என்பதே அவர் அறிந்த தமிழ். 'முதற்கட்டணம்' என்றோ, 'நம் கையிலிருந்து முதலில் போவது' என்றோ சொன்னால் உடனே விளங்குகிறது. எஞ்சிய தொகையிலும் நாம் ஒரு விழுக்காட்டைச் சுமக்கிறோமே, அதற்குக் 'கூட்டுக் காப்புறுதி' என்று பெயர். கூட்டு என்றவுடன் பலர் கணவனும் மனைவியும் சேர்ந்து எடுப்பது என்று எண்ணுகிறார்கள். 'நம் பங்கு' என்றால் போதாதா?

ரைடர் என்பதற்கு அகராதி பார்த்தால் குதிரை ஏறுபவர் வருவார். 'துணைத் திட்டம்' என்பது ஓரளவு பொருந்தும். மேற்சொன்ன முதற்கட்டணத்தையும் நம் பங்கையும் குறைப்பதே அதன் வேலை. ஒரு காலத்தில் ரைடர் இருந்தால் நோயாளி ஒரு காசும் கட்ட வேண்டியதில்லை. அதனால் தேவையற்ற சிகிச்சைகள் பெருகின, சந்தா ஏறியது என்று அரசாங்கம் கருதிற்று. 2019 ஏப்ரலிலிருந்து விற்கப்படும் புதிய ரைடர்களில் குறைந்தது 5 விழுக்காட்டை நோயாளியே ஏற்க வேண்டும் என்றாயிற்று. 2026 ஏப்ரல் 1 முதல் விற்கப்படும் புதியவை அமைச்சு வகுத்த குறைந்தபட்ச முதற்கட்டணத்தையும் ஈடுசெய்யலாகாது என்று சுகாதார அமைச்சு 2025 நவம்பரில் அறிவித்தது. விதிகள் இப்படி ஓடிக்கொண்டே இருக்கையில், பழைய ரைடரை வைத்திருப்பவர் அதை விடுவதா வைத்திருப்பதா என்னும் கேள்விக்கு ஒரு துண்டறிக்கை விடை சொல்லாது. மனிதர் வேண்டும்.

இவ்விடத்தில் இவ்வட்டாரத்துச் சீனர்களிடமிருந்து நாம் ஒன்று கற்கலாம். 1979 முதல் நம் நாட்டில் மாண்டரின் பேசும் இயக்கம் நடந்து வருகிறது. கிளைமொழிகள் வானொலி, தொலைக்காட்சியிலிருந்து ஒதுங்கின. ஆனால் 2014 இல் முன்னோடித் தலைமுறைத் தொகுப்புத்திட்டம் வந்தபோது, அதை மாண்டரினில் மட்டும் விளக்கினால் கிரேத்தா ஆயரின் கான்டனீஸ்ப் பாட்டிக்குப் புரியாது என்பது தெரிந்தது. தூதர்கள் வீடுவீடாகச் சென்று கிளைமொழிகளிலும் மலாயிலும் தமிழிலும் பேசினார்கள். 2016 இல் மூத்தோருக்கான திட்டங்களை விளக்கும் நோக்கோடு ஹொக்கியென் மொழியில் ஒரு தொலைக்காட்சி நாடகத் தொடரே ஒளியேறிற்று. மொழிக் கொள்கையே முதியவரின் காதுக்காகச் சற்று வளைந்துகொடுத்தது. நமக்கும் மேடைத்தமிழ் ஒன்று, அடுக்களைத் தமிழ் ஒன்று. காப்புறுதியை அடுக்களைத் தமிழில் சொல்லலாமா என்று தயங்க வேண்டியதில்லை. இதை மேடைத்தமிழில் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்பது எனக்கும் தெரிகிறது.

மூன்றாண்டுகளுக்கு முன், அக்காவின் அடுத்த வீட்டுக்காரர் என்னை நாடி வந்தார். தஞ்சோங் பகார் துறைமுகத்தில் உழைத்து ஓய்வு பெற்றவர், வயது 69. தனியார் மருத்துவமனைத் திட்டம், ரைடர் இரண்டும் வைத்திருந்தார். சந்தா ஏறிவிட்டது. வேறு நிறுவனத்து முகவர் ஒருவர் கையெழுத்துக்கு நாள் குறித்துவிட்டார். "தம்பி, நீங்க கூட வந்து உக்காந்தா போதும்" என்றார்.

அப்படி உடன் அமர்வோருக்கு நாணய ஆணையத்தின் விதிகளிலேயே ஓர் இடம் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. நிதித் திட்டங்களை விற்பது பற்றிய அந்த விதிகள், 62 வயதை எட்டியவர், ஆங்கிலத்தில் பேசவோ எழுதவோ போதிய தேர்ச்சி இல்லாதவர், சாதாரண நிலைத் தேர்வுக்கும் கீழான கல்வி உடையவர் என்னும் மூன்று தன்மைகளில் இரண்டு பொருந்துவோரைத் தனிக் கவனத்துக்குரியவர்களாகக் கொள்கின்றன. அவருக்கு நம்பிக்கையான ஒருவர் உடன் இருக்கலாம். அவர் 18 வயது நிரம்பியவராகவும், ஆங்கிலம் அறிந்தவராகவும் இருக்க வேண்டும். இவ்விதி எந்தெந்தத் திட்டத்துக்கு எப்படிப் பொருந்தும் என்பதை அந்தந்த முகவரிடமே கேட்டறிவது நல்லது; கேட்பதற்கு நமக்கு உரிமை உண்டு. ஆனால் உடன் அமர்பவருக்கு ஆங்கிலம் தெரிய வேண்டும் என்கிறது விதி. வாங்குபவரின் மொழி தெரிய வேண்டும் என்று கேட்பதில்லை. 2016 இல் நான் அந்தத் தகுதிகள் அனைத்தும் உடையவனாக அக்காவின் பக்கத்தில் அமர்ந்திருந்தேன்.

ஆகவே இம்முறை நான் தனியே அமர மறுத்துவிட்டேன். நண்பர்கள் வழியே ஒரு பெண்மணியைத் தேடிப் பிடித்தோம். பினாங்கில் பிறந்த தமிழர். விற்பனைத் தரகு பெறாமல் கட்டணம் மட்டும் பெற்று ஆலோசனை கூறுபவர். கட்டணம் 300 வெள்ளி என்றதும் பெரியவர் திகைத்தார். "மத்தவங்க சும்மாதானே சொல்றாங்க?" என்றார். சும்மா சொல்பவர்களின் கூலி சந்தாவுக்குள் இருக்கிறது என்று விளக்க எனக்கு அரைமணி நேரம் ஆயிற்று.

அந்த அம்மையார் படிவம் எதையும் எடுக்கவில்லை. "ஐயா, வீட்டில இருக்கிற மருந்து எல்லாத்தையும் ஒரு பையில போட்டுக் கொண்டு வாங்க" என்றார், அவ்வளவுதான். பெரியவர் பையைக் கவிழ்த்தார். ஆறு உறைகள். நீரிழிவுக்கு இரண்டு, அழுத்தத்துக்கு ஒன்று, கொழுப்புக்கு ஒன்று, இரத்தம் உறையாமலிருக்க ஒன்று, முட்டிவலிக்கு ஒன்று. "இதயத்துக்குக் குழாய் வெச்சாங்களா?" என்று அடுத்த கேள்வி. "அது எப்பவோ வெச்சது, இப்ப சரியாப் போச்சு." நான் தலை குனிந்துகொண்டேன். 'வியாதி' என்னும் சொல்லே அந்த உரையாடலில் வரவில்லை. நான் செய்யத் தவறியதை ஒரு நெகிழிப்பை செய்து முடித்தது.

பிறகு அவர் கேட்டவை: நோயுற்றால் எந்த மருத்துவமனைக்குப் போவீர்கள்? ஊட்ரம் பொது மருத்துவமனைதான், பக்கத்திலிருக்கிறது, என் மருத்துவர்களும் அங்கேதான் என்றார் பெரியவர். அப்படியானால் தனியார் மருத்துவமனைத் திட்டம் எதற்கு? பெரியவருக்கு விடை தெரியவில்லை. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் யாரோ நல்லது என்று சொன்னார்களாம். எழுபத்தைந்து வயதில், எண்பதில் சந்தா எவ்வளவாகும் என்னும் அட்டவணையைக் காட்டினார். பெரியவர் தம் மெடிசேவ் கணக்கைத் தாமே கூட்டிப்பார்த்தார். துறைமுகத்தில் சரக்குக் கணக்கு எழுதியவர், கூட்டலில் பிழை வராது. முடிவு அவருடையதே: நிறுவனம் மாறுவதில்லை, அதே நிறுவனத்தில் அரசாங்க மருத்துவமனை பி1 வகுப்புக்கு இறங்குவது, ரைடரைக் கைவிடுவது, மிச்சப்படும் கைப்பணத்தை முதற்கட்டணத்துக்கென்று வங்கியில் ஒதுக்கி வைப்பது. இன்னொருவருக்கு இம்முடிவு பொருந்தாமல் போகலாம். குறித்த நாளில் அந்த முகவரைத் தொலைபேசியில் அழைத்து வேண்டாம் என்று சொன்னவரும் பெரியவரே. எனக்கு அங்கு வேலை இருக்கவில்லை.

கட்டணம் கொடுக்க இயலாதோர் என்ன செய்வது? மூத்த தலைமுறை அலுவலகத்தின் தூதர்கள் வீடு தேடி வந்து அரசாங்கத் திட்டங்களை விளக்குகிறார்கள். அவர்களில் தமிழ் பேசுவோரும் உளர். ஆனால் தனியார் திட்டங்களில் இதை எடு, அதை விடு என்று சொல்வது அவர்கள் பணியன்று. அமெரிக்காவில் 65 வயதை எட்டியோரின் மெடிகேர் தேர்வுக்கு மாநிலந்தோறும் கட்டணமில்லா ஆலோசகர்கள் இருக்கிறார்கள். 1990 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் மத்திய அரசு நிதி தருகிறது. காப்புறுதி நிறுவனத்திடம் அவர்கள் ஒரு காசும் பெறுவதில்லை. அங்கும் தரகர்கள் உண்டு, ஆனால் தரகரை விரும்பாதவர் செல்ல ஓர் இடம் இருக்கிறது. இந்தியாவில் 65 வயதுக்கு மேற்பட்டோரும் புதிதாக மருத்துவக் காப்பீடு எடுக்கலாம் என்று 2024 இல் விதி தளர்ந்தது. ஊரிலுள்ள நம் உறவினர்களின் கதவுகளையும் இனி முகவர்கள் தட்டுவார்கள். முகவர் நிறுவனத்தின் ஆள், தரகர் வாங்குபவரின் ஆள் என்னும் பாகுபாடு அங்கும் சட்டத்தில் இருக்கிறது. அதையாவது தொலைபேசியில் சொல்லி வைக்கலாம்.

தகராறு என்று வந்துவிட்டால் 2005 முதல் இங்கே நிதித்துறைப் பூசல்களைத் தீர்க்கும் நிலையம் ஒன்று இயங்குகிறது. அதற்கு முன்பே, ஷீல்டு திட்டம் வாங்கியபின் மறுபரிசீலனைக்கென்று தரப்படும் சில நாள்கள் உண்டு. அந்நாள்களுக்குள் படிவத்தின் நகலைத் தமிழில் ஒருவர் படித்துக் காட்டினால், என் அக்காவின் படிவத்தில் இருந்ததுபோன்ற பிழையைத் திருத்த வாய்ப்பிருக்கிறது. எங்களுக்கு அது அப்போது தெரியாது.

அக்கா இப்போது நலம். இடக்கை சற்றுத் தளர்ச்சி. கோயிலுக்கு நடந்தே போய் வருகிறார். அவரும் நானுமாக ஒரு தாளில் முப்பது சொற்களை எழுதியிருக்கிறோம். இடப்பக்கம் காப்புறுதிப் படிவத்தில் வரும் சொல், தமிழ் எழுத்தில்; வலப்பக்கம் அக்காவுக்கு ஒருமுறை கேட்டவுடன் விளங்கிய தமிழ். விளங்காதவற்றை அவர் அடித்துவிட்டார், நான் மூன்று நாள் யோசித்துக் கண்ட சொற்களையும். 'முன்பே உள்ள நோய்' என்பதற்கு நேரே, "டாக்டர் எப்பவாவது பார்த்தது, மாத்திரை கொடுத்தது எல்லாம்" என்றிருக்கும். பெரிய எழுத்தில் அச்சிட்ட படிகள் வாயிலருகே மேசைமேல் இருக்கின்றன. எடுத்துச் செல்லுங்கள். இங்குள்ள புலவர் பெருமக்கள் திருத்தம் சொன்னால் ஏற்றுக்கொள்வோம். ஆனால் திருத்திய சொல்லையும் அக்காவிடம் ஒருமுறை படித்துக் காட்டியபின்தான் அச்சுக்குத் தருவேன். பதினேழாவது சொல்லுக்கு இன்னும் நல்ல தமிழ் கிடைக்கவில்லை. அந்த இடம் வெறுமையாக இருக்கிறது.